சனிக்கிழமை நீலம்

கோயம்புத்தூர்
10 ஜூன் 2024

மிஸ்பாவுக்கு,

இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. எனக்கு ஒரு நோட்டு வேண்டும், அதற்காக மட்டும் எழுதுகிறேன்.

உன் நம்பரை நான் தடுத்து வைத்து ஆறு வருஷம் ஆகிறது. திறக்க மனசு வரவில்லை, அதனால்தான் தபால். முகவரியை உன் அப்பாவிடம், நம் அத்தாவிடம்தான், வாங்கினேன். கோட்டைமேட்டில் அவர் நகைப் பட்டறை வாசலில் போய் நின்றதும், மனுஷர் பக்கத்துக் கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டார். "ஏனுங், இங்க வாங்க. காத்துல இருந்து உரம் எடுத்த புள்ளைங்கன்னு சொல்லுவேன்ல, அதுல ஒண்ணு இந்த அம்மணிதானுங்க. நம்ம நகை கழுவுற மெஷின்லதான் எடுத்தாங்க!" நாம் மூன்று பேரும் அந்த மெஷினோடு நிற்கிற போட்டோவுக்குச் சட்டம் போட்டுத் தராசுக்கு மேலே மாட்டியிருக்கிறார். எடுத்தோம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வரவில்லை. புது மெஷின் வாங்கியிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, முகவரியை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். நான் இப்போது ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். நாம் விட்ட வேலையை மறுபடி எடுத்திருக்கிறேன். அதே வெள்ளைப் பொடி, தண்ணீர், நைட்ரஜன். மேலே வெயில், கீழே மெஷினின் அதிர்வு. வெயில் பட்டாலும் குலுக்கினாலும் அந்தப் பொடிக்குள் மின்னூட்டம் பிரியும், இரண்டும் சேர்ந்தால் காற்றின் நைட்ரஜனை உடைத்து அமோனியா ஆக்கிவிடலாம் என்று மாடியில் உட்கார்ந்து பேசிப் பேசி வாய் வலித்ததே, அதேதான். நம் பழைய அளவுகளைக் காட்டித்தான் மூன்று வருஷத் திட்டம் வாங்கினேன். ஆகஸ்ட் ஏழாம் தேதி நிபுணர் குழு பார்க்க வருகிறது.

ஆனால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. அமோனியா இருந்தால் சோதனைக் கரைசல் நீலமாக வேண்டும். மூன்று மாதமாகப் பார்க்கிறேன், இருக்கா இல்லையா என்றே சொல்ல முடியாத நீலம். அப்போது சனிக்கிழமைகளில் எப்படி வந்தது! மைப்புட்டி மாதிரி வருமே. நாம் செய்த ஏதோ ஒன்றை விட்டுவிட்டேன். அது மூன்றாம் நோட்டில் இருக்கும். அதை நீ எடுத்துக்கொண்டு போனாய். உடனே அனுப்பு.

இப்படிக்கு,
முனைவர் பா. புவனா

*

பவானி
21 ஜூன் 2024

அன்புள்ள புவனா,

முனைவர் எல்லாம் எனக்குமா? உன் ஜடைக்குள் ரப்பர் குழாயைச் சொருகி வைத்துவிட்டு லேப் முழுக்கத் தேடியவள் நான்.

தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன், தெரிந்திருக்கும். உன் கையெழுத்தைப் பார்த்ததும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். "ஏன், யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?" என்று என் வீட்டுக்காரர் ஷாநவாஸ் பதறிப்போனார். "இல்லீங்க, என் சண்டைக்காரி எழுதியிருக்கா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஜமக்காளக் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

அந்த மொட்டைமாடி உனக்கு ஞாபகம் வருமா? மாடிச் சாவியைக் கொடுக்க லேப் அட்டெண்டர் கோவிந்தராஜுலு தினமும் ஒரு தேங்காய் பன் கேட்பார். காக்கா ஒருநாள் குடுவையின் கார்க்கைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துக்கொண்டு நம்மை வேடிக்கை பார்த்தது. மேகம் வந்தால் நீ வானத்தைப் பார்த்துத் திட்டுவாய். நான் சூரியனுக்கு வக்காலத்து வாங்குவேன்.

வெள்ளிக்கிழமை ஆனால் ஜும்மா தொழுகை முடித்து அத்தா ஸ்கூட்டரில் வந்துவிடுவார். நெய்ச்சோறு, தால்ச்சா. "மொதல்ல சோறு, பொறவு சயின்ஸ்" என்பார். நாம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக் கிடப்போம். அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. குடுவைகளையெல்லாம் கழுவி, வெள்ளைத் துணி விரித்துக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போவார். அந்த வெள்ளிக்கிழமைகளுக்காகவே இன்னொரு தடவை அந்த மாடிக்குப் போகலாம் என்றிருக்கிறது எனக்கு.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அனுப்பமாட்டேன். கோபப்படாமல் கேள்: சனிக்கிழமைகளை விட்டுவிடு. மற்ற நாள் அளவுகளை மட்டும் வைத்துக்கொள். ஏன் என்று கேட்காதே.

உன்
மிஸ்பா

*

கோயம்புத்தூர்
28 ஜூன் 2024

மிஸ்பா,

ஏன் என்று கேட்காதே! ஆறு வருஷத்துக்கு முன்னாலும் இதைத்தான் சொன்னாய். நீ என்ன கலெக்டரா, உத்தரவு போட?

மாடிக் கதை எனக்கும் தெரியும். காக்கா கதையை என் வகுப்பில் வருஷா வருஷம் சொல்கிறேன். நெய்ச்சோற்று வாசம் எங்காவது வந்தால் இப்போதும் வெள்ளிக்கிழமையா என்றுதான் யோசிக்கிறேன். அதையெல்லாம் எழுதி என்னைக் கரைத்துவிடலாம் என்று நினைக்காதே.

மார்ச் மாதம், கட்டுரை அனுப்ப நான்கு நாள் இருக்கும்போது, "என் பேரை எடுத்துடுங்க" என்று நம் கைடு சாரிடம் போய்ச் சொன்னாய். இரண்டு பேரும் கையெழுத்துப் போடாமல் அனுப்பமாட்டேன் என்று அவர் மூடி வைத்துவிட்டார். நான் முதலிலிருந்து வேறு தலைப்பில் ஆரம்பித்தேன். இரண்டு வருஷம் போச்சு. மாடிப்படியில் உன்னை மறித்துக் கேட்டேன், நீ வாயே திறக்கவில்லை. என் பெயர் முதலில் வருவது உனக்குப் பொறுக்கவில்லை, பொறாமை என்று கத்தினேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அது தப்புத்தான். ஆனால் நீ ஒரு காரணம், ஒரே ஒரு காரணம் சொல்லியிருந்தால் நான் ஏன் அதைச் சொல்லப்போகிறேன்?

எங்கப்பாவை உனக்குத் தெரியும். தொண்டாமுத்தூரில் இப்போதும் யூரியா வருகிற நாளில் விடிவதற்குள் சொசைட்டி வாசலில் போய் நிற்கிறார். அந்தக் கருநீலக் குடுவையை அவரிடம் காட்டினோமே, அன்றைக்குக் கேட்டார்: "நம்ம தோட்டத்து மேல போற காத்துல இருந்தேவா கண்ணு? அப்ப இனி நான் க்யூவுல நிக்க வேண்டாம்ங்கற?" ஆமாங்கப்பா என்று சொன்னது நான். இப்போதும் போன முறை ஊருக்குப் போனபோது "அந்த நீலத் தண்ணி என்னாச்சு" என்று கேட்கிறார்.

ஏழாம் தேதி அந்தக் குழுவின் முன் நான் என்ன காட்டட்டும்? ஊரில் சாரல் காற்று ஆரம்பித்துவிட்டது, வெயிலும் கண்ணாமூச்சி காட்டுகிறது. இது போனால் இனி யாரும் எனக்கு ஒரு திட்டம் தரப்போவதில்லை. காரணத்தைச் சொல், இல்லை நோட்டை அனுப்பு.

புவனா

*

பவானி
9 ஜூலை 2024

அன்புள்ள புவனா,

இரண்டையுமே செய்கிறேன். இதோடு நோட்டு வருகிறது. ஆனால் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டுத்தான் அதைத் திறக்க வேண்டும்.

சனிக்கிழமை மட்டும் ஏன் கருநீலம் என்று நாம் எத்தனை காரணம் கண்டுபிடித்தோம்! பொடிக்கு வெள்ளிக்கிழமை ஓய்வு கிடைக்கிறது என்றாய் நீ. மின்சாரம் அன்றைக்குச் சீராக வருகிறது என்றேன் நான். சனிக்கு நீலம்தான் ராசி என்று உங்கம்மாகூடச் சொன்னார்கள். எனக்கு மட்டும் மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. பொடிக்குக் கிழமை தெரியுமா?

2018 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை. உன்னிடம் சொல்லாமல் மாடிக்குப் போனேன். வெள்ளிக்கிழமை கழுவிக் கவிழ்த்து, யாரும் தொடாத குடுவை ஒன்றை எடுத்தேன். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆர்கான் விட்டேன். ஆர்கானில் நைட்ரஜன் ஒரு துளிகூடக் கிடையாது, அதிலிருந்து அமோனியா வர வழியே இல்லை. வெயில், அதிர்வு, எல்லாம் வழக்கம்போல. சோதித்தேன். கருநீலம்.

இன்னொரு குடுவையை நானே பத்துத் தடவை கழுவி மறுபடி செய்தேன். வெறும் தண்ணீர் மாதிரி நின்றது.

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போய் அத்தாவிடம் கேட்டேன், குடுவையை எதில் கழுவுறீங்கத்தா என்று. அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. "வெறுந்தண்ணியில கழுவுனா கண்ணாடி மின்னுமா? நகைக்கு ஊத்தறதைத்தான் ஊத்துவேன். உங்க வேலை தங்கத்தவிட ஒசத்தியாச்சே" என்று கேனைக் கொண்டுவந்து காட்டினார். கேனில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். அமோனியா.

கிராமில் லட்சத்தில் ஒரு பங்கை அளந்துகொண்டிருந்தோம் நாம். அவர் அலசிவிட்டது போக மூக்குக்குத் தெரியாமல் ஒட்டியிருந்ததே போதும்.

இப்போது புரிகிறதா? சாரிடம் சொன்னால் துறை முழுக்கச் சிரிக்கும். உன்னிடம் சொன்னால் உனக்கு வருகிற கோபத்துக்கு நேராகப் பட்டறைக்குப் போய்விடுவாய். பொய் அளவில் என் பெயரைப் போடவும் முடியாது, அத்தாவை மாட்டிவிடவும் முடியாது. என் கையெழுத்து இல்லாவிட்டால் கட்டுரை போகாது என்று தெரியும், அதைத்தான் செய்தேன். மறுநாளே உன்னிடம் மட்டுமாவது சொல்லலாம் என்றுதான் வந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசிப்பதற்குள் மாடிப்படியில் நீ 'பொறாமை' என்றாய். அப்புறம் எனக்கும் வீம்பு வந்துவிட்டது.

நீ ஒரு கட்டுரையை இழந்தாய் புவனா. நான் படிப்பையே விட்டுவிட்டு வந்தேன். அதை நீ ஒருநாளும் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அத்தாவுக்கு இது தெரியக் கூடாது. எழுபத்திரண்டு வயசு. அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் பட்டறையில் உட்காருகிறார்.

மிஸ்பா

*

கோயம்புத்தூர்
15 ஜூலை 2024

மிஸ்பா,

படித்தேன். நோட்டையும் பார்த்தேன். மார்ச் 18 பக்கத்தில் உன் கையெழுத்து இருக்கிறது, சாட்சிக் கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் எனக்குக் காட்டாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

உன் மேல் கோபமா, என் மேல் கோபமா என்று தெரியவில்லை. பொய்யான அளவை வைத்து ஒரு திட்டம் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன். எங்கப்பாவுக்கு என்ன சொல்வேன்? இப்போது எதுவும் எழுத முடியவில்லை.

புவனா

*

பவானி
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள புவனா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஏழாம் தேதி நெருங்குகிறது. பிள்ளைகளுக்குப் பரீட்சைத்தாள் திருத்தும்போது சரியான விடைக்கெல்லாம் தப்புப் போட்டுவைத்திருக்கிறேன், திரும்ப உட்கார்ந்து திருத்தினேன்.

மற்ற நாட்களின் லேசான நீலத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. அந்தக் குடுவைகளை நாம்தான் கழுவினோம். அது என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் இருக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அத்தாவிடம் சொல்லிவிடாதே.

மிஸ்பா

*

கோயம்புத்தூர்
24 ஆகஸ்ட் 2024, சனிக்கிழமை

அன்புள்ள மிஸ்பாவுக்கு,

நிறைய எழுத வேண்டியிருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் குதிக்காமல் படி.

குழு வந்தது. நான் முதலில் திறந்து காட்டியது உன் மார்ச் 18 பக்கத்தை. "இந்தத் திட்டத்துக்கு நான் காட்டிய சனிக்கிழமை அளவுகள் தப்பு, குடுவை கழுவிய திரவத்திலிருந்து வந்த அமோனியா அது" என்று சொன்னேன். குழுவில் இருந்த ஓர் அம்மா கேட்டார், தப்பைக் கண்டுபிடித்தது யார் என்று. உன் பெயரைச் சொன்னேன். "அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்றார். பவானியில் பள்ளிக்கூடத்தில் என்று சொன்னபோது எனக்கே வெட்கமாக இருந்தது. மூன்று வருஷத்தை ஒரு வருஷமாகக் குறைத்துவிட்டார்கள். அதற்குள் சுத்தமாகச் செய்து காட்டினால் மீதி இரண்டும் உண்டாம். கிடைத்ததே பெரிது.

அடுத்தது அத்தா. உனக்குக் கொடுக்காத வாக்கைக்கூட நான் காப்பாற்றினேன். நானாக ஒன்றும் சொல்லவில்லை.

பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை, ஜும்மா முடித்து அவரே வந்து நின்றார். "புது மெஷின் வாங்கியிருக்கீங்கன்னு சொன்னீங்களே அம்மணி, பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க." கையில் டிபன் கேரியர். நெய்ச்சோறு, தால்ச்சா. சாப்பிட வைத்துத்தான் விட்டார். நான் தட்டை வைத்துவிட்டுத் திரும்புகிறேன், அவர் பையிலிருந்து அந்தக் கேனை எடுத்து மூடியைத் திறந்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் என் குடுவைகள்.

"அத்தா, வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். லேப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது. என்ன தப்புச் செய்தோம் என்று சுற்றிலும் பார்த்தார். குழுவுக்காக எழுதி ஒட்டிய பெரிய சார்ட் சுவரில் இருந்தது. கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "காற்றிலிருந்து... அமோனியா." மறுபடி கேனைப் பார்த்தார்.

"இதென்னங்க அம்மணி, இது நாங்க கேன்ல வாங்கற சாமானாச்சே. அன்னிக்கும் நீங்க ரெண்டு பேரும் தேடுனது இதைத்தானுங்களா?"

"ஆமாங்க அத்தா."

"மிஸ்பாவுக்குத் தெரியுங்களா?"

"தெரியுமுங்க."

ஸ்டூலில் உட்கார்ந்தார். "அதுக்குத்தான் படிப்ப உட்டுப்போட்டு வந்துச்சா? புடிக்கலீங்கத்தான்னு சொல்லுச்சுங்களே எங்கிட்ட."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் கேன் மூடியை இறுக்கி இறுக்கித் திருகிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "உரம்னு சொன்னீங்க, நானும் உரம்னே நெனச்சுட்டேன். இந்தப் பேரை அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கேனை வாசல்லயே வெச்சுப்போட்டு வந்திருப்பேனுங்களே அம்மணி."

மிஸ்பா, நாம்தான் சொல்லவில்லை. அவருக்குப் புரியாது என்று 'உரம், உரம்' என்று சொல்லிவைத்தோம். நாற்பது வருஷமாக அமோனியாவிலேயே கை நனைத்தவரிடம். இத்தனை நாள் உன் மேலும் அவர் மேலும் நான் பட்ட கோபம் எல்லாம் அங்கேயே போய்விட்டது.

அவர் எழுந்து கேனைக் கொண்டுபோய் ஸ்கூட்டரில் பூட்டினார். சோப்புப் போட்டு முழங்கை வரை கையைக் கழுவினார். "வெறுந்தண்ணி, அவ்வளவுதானுங்க? எத்தனை தடவைன்னு சொல்லுங்க." பத்து என்றேன். பன்னிரண்டு குடுவைகளையும் எண்ணி எண்ணிக் கழுவி, வெள்ளைத் துணி விரித்துக் கவிழ்த்தார்.

மறுநாள் சனிக்கிழமை. சாரல் விட்டு இரண்டரை மணி நேரம் நல்ல வெயில். ஆறில் ஆர்கான், ஆறில் நைட்ரஜன். சோதிக்கும்போது அத்தா பக்கத்திலேயே நின்றார். ஆர்கான் ஆறும் தெளிவாக நின்றன. நைட்ரஜனில் மெல்லிய நீலம். மைப்புட்டி நீலம் இல்லை, துணிக்குப் போட்ட சொட்டுநீலம் நாலு அலசுக்கு அப்புறம் மிஞ்சுமே, அவ்வளவுதான்.

அத்தா ஒரு குடுவையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே அம்மணி."

"எனக்கே கஷ்டப்பட்டுத்தான் தெரியுதுங்க அத்தா" என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

இன்றைக்கும் செய்தேன், அதே மாதிரிதான் வந்தது. ஆனாலும் துள்ளாதே. எடை கூடின நைட்ரஜனை விட்டு, வருகிற அமோனியாவிலும் அந்த எடை இருக்கிறதா என்று பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், அதற்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், இன்னும் ரொம்ப நாள் க்யூவில் நிற்க வேண்டியிருக்கும் என்று. "பரவாயில்ல கண்ணு, வருதுன்னா நிக்கலாம்" என்றார்.

போட்டோவைக் கழற்றிவிட வேண்டாம் என்று அத்தாவிடம் கேட்டுக்கொண்டேன். "அது ஏனுங்க கழட்டணும்? இனி கேக்கறவங்களுக்கு முழுசாச் சொல்லிக்கறேன்" என்றார்.

உன் மார்ச் 18 பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இன்றைய தேதியோடு. மூன்றாம் நோட்டில் அடுத்த பக்கத்திலேயே புதிய அளவுகளை எழுதினேன். என் கையெழுத்து இருக்கிறது. உன் இடம் காலி. அதைத் தபாலில் போட முடியாது, பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

உன்னிடம் ஒருநாளும் கேட்காததை இப்போது கேட்கிறேன். படிப்பை விட்டது ரொம்பக் கஷ்டமாக இருந்ததா?

உன்
புவனா

(நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதற்குத் தபாலிலேயே பதில் போடு.)

*

பவானி
28 ஆகஸ்ட் 2024

அன்புள்ள புவனா,

இருந்தது. பள்ளிக்கூட லேப்பில் குடுவை கழுவும்போதெல்லாம் இருந்தது. நீ கேட்டுவிட்டாய், இனி ஆறிவிடும்.

அத்தா போன் செய்தார். சாப்பிட்டியா என்று மூன்று தடவை கேட்டார். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வைக்கும்போது மட்டும், "விட்ட படிப்புல மறுபடி சேர முடியுமான்னு அம்மணிகிட்ட விசாரிக்கச் சொல்லியிருக்கேன், நீ எதுக்கும் உன் சர்டிபிகேட்டெல்லாம் எடுத்து வெய்யி" என்றார். நான் அழுதது அவருக்குக் கேட்டிருக்கும். ஷாநவாஸ் பரணிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறார்.

வருகிற சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். மேகம் வந்தால் திட்டாதே, நான் சூரியன் கட்சி. கோவிந்தராஜுலு ஞாபகத்துக்குத் தேங்காய் பன் வாங்கி வை. பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன், ஆர்கான் குடுவையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அத்தா வருவார் இல்லையா? குடுவைகளை அவரே கழுவி வைக்கட்டும்.

உன்
மிஸ்பா